கண்ணாடியை மாற்றினால் மட்டும் போதுமா?



பிழைப்பைத் தேடிப் பட்டணத்திற்கு வந்த குடும்பங்களில், வீட்டு வாசலில் நிற்கும் சரக்கு வண்டி வெறும் வண்டியாக இருப்பதில்லை. அதுவே அரிசியாகவும், பிள்ளைகளின் பள்ளிக் கட்டணமாகவும், மாத வாடகையாகவும் இருக்கிறது. திருவனந்தபுரத்தில் குடியேறிய நம் தமிழ்க் குடும்பங்களில் அநேகர் இதை அனுபவத்தில் அறிந்திருக்கிறார்கள். ஆகவே, ஒரு பழைய பிக்கப் வண்டியின் கதவுக் கண்ணாடியை நாங்கள் வீட்டிலேயே மாற்றியதைக் குறித்து எழுதப் புகும்போது, இது பட்டறைக்காரருக்கு மட்டும் உரிய காரியம் என்று எண்ணிப் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன். அந்தக் கதவைத் திறந்து பார்த்தபோது அறிந்துகொண்ட காரியம், வண்டியே இல்லாத வீட்டாருக்கும் பிரயோஜனப்படும் என்று நம்புகிறேன்.

பூச்சுமந்த வண்டி

எங்கள் தகப்பனாரின் ஊர் தோவாளை. ஆரல்வாய்மொழிக் கணவாயின் காற்று வீசும் அந்த ஊரின் பூச்சந்தை தென்திசையெங்கும் பேர்பெற்றது. பிச்சியும் மல்லிகையும் அரளியும் கேந்தியும் அங்கே விடியுமுன்னே விலைபேசப்பட்டு, கேரளத்தின் பட்டணங்களுக்குப் புறப்பட்டுவிடும். ஓணக் காலத்தில் அத்தப்பூக் களத்திற்காகப் போகும் பூவுக்கு அளவே இல்லை. நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை, நெய்யாற்றின்கரை, பாலராமபுரம், கரமனை என்று ஏறக்குறைய 80 கிலோமீட்டர் வந்தால் சாலைக் கம்போளம். திருவிதாங்கூரின் திவானாக இருந்த ராஜா கேசவதாசர் 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஏற்படுத்திய கடைத்தெரு அது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தபோது எல்லை களியக்காவிளையில் விழுந்தது. ஆனால் பூவும் காய்கறியும் போகும் பாதை மாறவில்லை. அந்தப் பாதையில்தான் எங்கள் தகப்பனார் தமது வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவழித்தார்.

அவரிடம் இருந்தது டாடா மொபைல் 206 என்னும் டீசல் பிக்கப். அப்போது டெல்கோ என்று அழைக்கப்பட்டு, 2003-ஆம் ஆண்டில் டாடா மோட்டார்ஸ் என்று பெயர் மாறிய நிறுவனம், 1988-ஆம் ஆண்டில் இந்த வண்டியை அறிமுகப்படுத்தியது. இதன் அடித்தளத்தின் மேலேயே 1991-இல் சியராவும் 1992-இல் எஸ்டேட்டும் உருவாயின. எங்கள் தகப்பனார் இதைப் பழைய வண்டியாகவே வாங்கினார். வாங்கிய சில ஆண்டுகளில், ஓட்டுநர் பக்கத்துக் கதவுக் கண்ணாடி ஒருநாள் ஏற்றும்போது சிக்கி உடைந்தது. அவசரத்தில் ஒரு கடையில், வீட்டு ஜன்னலுக்குப் போடும் சாதாரணக் கண்ணாடியை அளவாக வெட்டிப் பொருத்திக் கொடுத்தார்கள். விலை மலிவு, வேலையும் அரை மணி நேரத்தில் முடிந்தது. சில மாதங்கள் சென்றபின் ஒரு விடியற்காலையில் கதவை இழுத்துச் சாத்தியபோது அந்தக் கண்ணாடி கத்தித் துண்டுகளாக உடைந்து அவருடைய வலது முழங்கைக்குக் கீழே ஆழமாகக் கிழித்தது. பதினொரு தையல். அதன்பின் அவர் கண்ணாடியே போடவில்லை. மழைக்குத் தார்ப்பாய்த் துண்டு ஒன்றைக் கட்டிக்கொண்டு, வண்டி ஓட்டிய கடைசி நாள்வரை அப்படியே ஓட்டினார்.

அவர் காலமான பின்பு, கரமனையில் எங்கள் வீட்டின் ஓரமாக அந்த வண்டி ஐந்து ஆண்டுகள் நின்றது. அம்மா அதைக் கொடுத்துவிடவும் சம்மதிக்கவில்லை. அதைப் பார்க்கவும் விரும்பவில்லை. வளைகுடா நாட்டில் வேலையாயிருந்த என் தம்பி, வேலை போய்த் திரும்பி வந்தான். எங்கள் இருவருக்கும் இடையே தோவாளையிலுள்ள ஐந்து சென்ட் மனையைக் குறித்து ஒரு மனவருத்தம் இருந்தது. ஆகவே பேச்சும் குறைவாகவே இருந்தது. வந்த இரண்டாம் வாரத்தில் அவன், “அண்ணே, அப்பா வண்டியை நாம சரிபண்ணினா நான் லோடு ஓட்டிப் பிழைச்சுக்குவேன்” என்றான். புதிய வண்டிக்குக் கடன் வாங்கும் நிலையில் அவன் இல்லை. என்ஜினையும் பிரேக்கையும் எங்களுக்குப் பழக்கமான ஆசானிடம் ஒப்புவித்தோம். கதவுகளையும் கண்ணாடியையும், செலவைக் குறைக்கும்படி, சனிக்கிழமைகளில் நாங்களே வீட்டு முற்றத்தில் செய்வது என்று தீர்மானித்தோம்.

எல்லாக் கண்ணாடியும் ஒன்றல்ல

அருமையானவர்களே, தகப்பனாரின் கையைக் கிழித்தது எது என்பதை முதலாவது அறிந்துகொள்ளுங்கள். வீட்டு ஜன்னலின் சாதாரணக் கண்ணாடி உடைந்தால் வாள்போன்ற நீண்ட துண்டுகளாக உடையும். வண்டிக் கதவுக்கு உரியது அதுவல்ல. அது ‘டஃபன்டு’ கண்ணாடி எனப்படும் உறுதியூட்டிய கண்ணாடி. முதலில் அதை வேண்டிய அளவில் வெட்டி, துளையிட்டு, ஓரங்களைத் தேய்த்து முடிக்கிறார்கள். பின்பு 600 டிகிரி செல்சியஸுக்கும் மேலாகச் சூடேற்றி, இரு பக்கமும் வேகமான காற்றைச் செலுத்திச் சடுதியில் குளிரச் செய்கிறார்கள். அப்போது மேற்பரப்பு முதலில் இறுகிவிடுகிறது; உள்பகுதி பிறகே குளிர்ந்து சுருங்குகிறது. இதனால் மேற்பரப்பு எப்பொழுதும் அழுத்தத்திலும், உள்பகுதி எப்பொழுதும் இழுவிசையிலும் நிற்கின்றன. அந்த அழுத்தமே அதற்குச் சாதாரணக் கண்ணாடியைவிட ஏறக்குறைய நான்கு மடங்கு பலத்தைத் தருகிறது. அது உடையும்போது உள்ளே அடங்கியிருந்த விசை முழுவதும் வெளிப்பட்டு, கல்கண்டைப்போன்ற சிறு துண்டுகளாக உதிர்ந்துவிடுகிறது. அவை கீறலாம், ஆனால் பெரும்பாலும் ஆழமாக வெட்டுவதில்லை.

முன்கண்ணாடி வேறு வகை. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டப்பட்டது அது. பிரெஞ்சு வேதியியலறிஞர் எட்வார்ட் பெனடிக்டஸ் 1903-ஆம் ஆண்டில் தமது ஆய்வுக்கூடத்தில் கீழே விழுந்த ஒரு குடுவை விரிசல் விட்டும் சிதறாமல் இருந்ததைக் கண்டு ஆராய்ந்தார். உள்ளே காய்ந்திருந்த ஒருவகைப் படலம் துண்டுகளைப் பிடித்துக்கொண்டிருந்தது. அதிலிருந்து பிறந்ததே அந்தக் கண்ணாடி. 1909-இல் அவர் அதற்குக் காப்புரிமை பெற்றார்.

இதிலிருந்து விளங்கும் இரண்டு காரியங்களைக் கவனியுங்கள். முதலாவது, உறுதியூட்டிய கண்ணாடியைப் பிறகு வெட்டவோ துளைக்கவோ கூடாது. தொட்ட மாத்திரத்தில் முழுவதும் நொறுங்கிவிடும். ஆகவே ‘வெட்டிப் பொருத்தித் தருகிறோம்’ என்று ஒருவர் சொன்னால், அவர் தருவது வண்டிக்குரிய கண்ணாடி அல்ல என்று அறிந்துகொள்ளலாம். இரண்டாவது, வாங்கும் கண்ணாடியின் மூலையில் அழியாத எழுத்தில் பதிந்திருக்கும் முத்திரையைப் பார்க்க வேண்டும். நம் நாட்டில் வண்டிகளின் பாதுகாப்புக் கண்ணாடிக்கான தர அளவு ஐ.எஸ். 2553, இரண்டாம் பகுதி. முத்திரை இல்லாத கண்ணாடி எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் அதை வாங்க வேண்டாம். எங்கள் தகப்பனார் மிச்சப்படுத்திய பணம் மருத்துவமனைச் செலவுக்கும் போதவில்லை.

எங்கள் கண்ணாடி, இங்கே ‘ஆக்ரிக்கடை’ என்று சொல்லும் காயலான் கடை ஒன்றில், உடைத்துப் பிரிக்கப்பட்ட இதே வகை வண்டியிலிருந்து கிடைத்தது. நல்லவேளையாக மறுபக்கத்துக் கதவின் கண்ணாடி முழுமையாக இருந்தது. அதைக் கழற்றிக் கெட்டி அட்டையில் வரைந்து, அட்டையைத் திருப்பிப் பிடித்தால் ஓட்டுநர் பக்கத்தின் அளவு. அந்த அட்டையோடு போனதால் கடையில் தடுமாற்றம் இல்லாமல் தேர்ந்தெடுக்க முடிந்தது. ஓரங்களில் விரலை மெதுவாக ஓட்டி, சிறு பிசிறோ உடைவோ இல்லையென்று உறுதிசெய்துகொண்டோம். இவ்வகைக் கண்ணாடிக்கு ஓரமே பலவீனமான இடம்.

கதவுக்குள் கண்டவை

கண்ணாடி கையில் வந்தவுடனே அதைப் பொருத்திவிட மனம் துடித்தது. ஆனால் எங்கள் ஆசான், “முதல் கண்ணாடி எதனால் உடைந்தது என்று பார்த்தீர்களா?” என்று ஒரு கேள்வி கேட்டார். கல் எறிந்து உடைந்த கண்ணாடி அல்லவே அது. ஏற்றும்போது சிக்கி உடைந்தது. அப்படியானால் காரணம் கதவுக்குள் இருக்க வேண்டும். புதிதாகப் போடுவதும் அதே காரணத்தால் உடையும். ஆகவே கதவைத் திறந்தோம்.

பழைய வண்டிகள் பலவற்றில் கண்ணாடி ஏற்றும் கைப்பிடியை ஒரு சிறிய கம்பிக் கிளிப் பிடித்திருக்கும். கைப்பிடிக்கும் டோர் பேடுக்கும் நடுவே ஒரு துணி நாடாவை நுழைத்து, இரு முனைகளையும் மாறிமாறி இழுத்தால் கிளிப் நழுவி வெளியே வரும். அது தெறித்துப் போகும். முகத்தை விலக்கிக்கொள்ள வேண்டும். பிறகு கைதாங்கியின் திருகுகளைக் கழற்றி, பேடின் ஓரத்தில் தட்டையான ஒன்றை நுழைத்து மெல்ல நெம்பினால், பேட் முழுவதும் வந்துவிடும். எங்கள் வண்டியின் பேட் ஈரத்தில் ஊறி அப்பளம்போல் உப்பியிருந்தது.

கனமான கையுறை அணிந்துகொண்டு உள்ளே கைவிட்டோம். பழைய கண்ணாடித் துண்டுகள் ஏராளமாய்க் கிடந்தன. அவற்றோடு வந்தவை: காய்ந்துபோன வாழைநார், சில்லறைக் காசுகள், ஒரு சீப்பு, ரப்பர் செருப்பிலிருந்து அறுத்தெடுத்த ஆப்புகள் ஏழு. அந்த ஆப்புகளைக் கையில் எடுத்ததும் தம்பியும் நானும் ஒருவரையொருவர் பார்த்தோம். கண்ணாடி கீழே இறங்கிவிடாதபடி தகப்பனார் ஓரத்தில் செருகிவைத்தவை அவை. ஒவ்வொன்றும் வண்டியின் குலுக்கத்தில் உள்ளே விழ, அவர் மறுபடியும் ஒன்றை அறுத்துச் செருகியிருக்கிறார். பூ வாடுமுன் போய்ச் சேர வேண்டும் என்ற அவசரத்தில் ஓடிய மனிதர் வேறென்ன செய்வார்?

ஆனால் விழுந்த ஆப்புகள் கதவின் அடியிலே போய், மண்ணோடும் நாரோடும் சேர்ந்து அடைத்துக்கொண்டிருந்தன. எதை அடைத்தன என்பதே இந்தக் கதையின் முக்கியமான பகுதி.

தண்ணீர் உள்ளே வரத்தான் செய்யும்

வாசகரே, வண்டியின் கதவு தண்ணீரை முற்றிலும் தடுக்கும்படி செய்யப்பட்டது என்று நீங்கள் நினைக்கலாம். உண்மை அதுவல்ல. கண்ணாடி ஏறி இறங்குவதற்கு ஒரு நீண்ட பிளவு வேண்டும். அதன் வெளிப்புறத்தில் வைப்பர் ரப்பர் என்னும் பட்டை கண்ணாடியை ஒட்டி நின்று பெரும்பாலான நீரை வழித்துவிடும். என்றாலும் கொட்டும் மழையில் கொஞ்சம் நீர் கண்ணாடியோடு உள்ளே இறங்கியே தீரும். வண்டியை வடிவமைத்தவர்கள் இதை அறிந்தே, கதவின் அடித்தகட்டில் சிறு துவாரங்களை விட்டிருக்கிறார்கள். உள்ளே வந்த நீர் அவற்றின் வழியாக வெளியே போய்விடும். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள், அந்த நீர் வண்டிக்குள் தெறிக்காதபடி காக்கிறது. வண்டி பார்த்த பலர் அந்தத் தாளை வேண்டாத குப்பை என்று கிழித்தெறிந்துவிடுவதுண்டு.

திருவனந்தபுரத்தில் ஆண்டுக்கு ஏறக்குறைய 1,800 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. இடவப்பாதி மழை ஒன்று, துலா மழை ஒன்று என்று இரண்டு மழைக்காலங்கள். கடல் அருகிலிருப்பதால் காற்றிலும் உப்பு. இப்படிப்பட்ட இடத்தில் அடித்துவாரங்கள் அடைபட்டால் என்ன ஆகும்? நீர் கதவுக்குள் தேங்கும். தேங்கிய நீரால் அடித்தகடு உள்ளிருந்து துருவேறும். வெளியே பெயின்ட் பளபளப்பாக இருக்கும். உள்ளே இரும்பு இற்றுப்போகும். கண்ணாடியின் இரு பக்கத்து வழிகாட்டும் சேனல்கள் கீழ்ப்பக்கத்தில் பிடிமானத்தை இழக்கும். சேனல் ஆடினால் கண்ணாடி ஒருபக்கம் சாயும். சாய்ந்த கண்ணாடியைக் கைப்பிடியால் வலுவாக ஏற்றினால் அது சிக்கும். சிக்கிய கண்ணாடி ஒருநாள் உடையும். உடைந்தது கண்ணாடி, உடைத்தது, வெளியேற வழியில்லாமல் தங்கிப்போன தண்ணீர்.

கண்ணாடியைப் பிடித்து நிறுத்தச் செருகிய ஆப்பே அந்த வழியை மேலும் அடைத்ததை எண்ணியபோது எங்களுக்குத் துக்கமாயிருந்தது. அவரைக் குறைகூற எங்களுக்கு மனமில்லை. நின்று கதவைத் திறந்து பார்க்க ஒரு சனிக்கிழமைகூட அவருக்குக் கிடைக்கவில்லை.

ஒரு கம்பியால் துவாரங்கள் ஒவ்வொன்றையும் திறந்தோம். கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டினோம். இரண்டு இடங்களில் தகடு விரல் நுழையும் அளவுக்கு ஓட்டையாயிருந்தது. அவற்றை மட்டும் டிங்கர் வேலைக்காரரை அழைத்து, புதிய தகடு வைத்து வெல்டிங் செய்வித்தோம். பின்பு ரெட் ஆக்சைடு அடித்து, அது நன்றாகக் காய்ந்தபின் பெயின்ட் அடித்தோம். பெயின்ட் அடிக்கும்போது துவாரங்களில் தீக்குச்சிகளைச் செருகிவைத்து, பிறகு எடுத்துவிட்டோம். இல்லையேல் பெயின்ட்டே அவற்றை அடைத்துவிடும்.

பிடித்திருப்பவற்றைப் பாருங்கள்

அடுத்த சனிக்கிழமை, கண்ணாடியைத் தாங்கும் பாகங்களை ஒவ்வொன்றாய்ச் சோதித்தோம். இரு பக்கமும் கண்ணாடி வழுக்கிச் செல்லும் சேனலுக்குள் மென்மையான பூச்சுடைய ரப்பர் ஒன்று இருக்கும். அது தேய்ந்துபோனால் கண்ணாடி கடகடவென்று ஆடும். அதை மாற்றுவதற்கு ஆகும் செலவு கண்ணாடியின் விலையைவிட மிகக் குறைவு. ஆனாலும் பெரும்பாலும் யாரும் மாற்றுவதில்லை, ஏனெனில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. பிளவின் வெளிப்புறத்திலும் உட்புறத்திலும் இருக்கும் பட்டைகளையும் புதிதாகப் போட்டோம்.

கைப்பிடியைச் சுற்றினால் கண்ணாடியை ஏற்றி இறக்கும் ரெகுலேட்டரை நம் பட்டறைகளில் கிளாஸ் மெஷின் என்பார்கள். பல வண்டிகளில் அதில் ஒரு சுருள் வில் முறுக்கி வைக்கப்பட்டிருக்கும். கண்ணாடியின் பாரத்தை அது பாதி சுமப்பதால்தான் கைப்பிடி இலகுவாகச் சுற்றுகிறது. அந்த வில்லை மட்டும் பிரிக்க முயலக் கூடாது. அது விடுபட்டால் உலோகக் கை வேகமாகச் சுழன்று விரலை நசுக்கிவிடும். பற்களைத் துடைத்துக் கிரீஸ் இடுவதோடு நிறுத்திக்கொள்வது நல்லது. கிரீஸ் இரும்புக்கு மட்டும். ரப்பரில் பட்டால் நாளடைவில் அது உப்பிக் கெட்டுவிடும். ரப்பருக்குள் கண்ணாடி வழுக்கி இறங்க, சோப்புத் தண்ணீரே போதும்.

இருவர் செய்யும் வேலை

கண்ணாடியை இறக்குவது ஒருவரால் எளிதில் ஆகிற காரியமல்ல. ஒருவர் வெளியே நின்று கண்ணாடியை இரு உள்ளங்கைகளிலும் பிடித்து, ஒரு பக்கம் சாய்த்துப் பிளவின் வழியாக மெதுவாக இறக்க வேண்டும். மற்றவர் உள்ளே அமர்ந்து, கதவின் வெற்றிடத்தில் கைவிட்டு, கண்ணாடியின் அடிவிளிம்பை வாங்கிச் சேனலில் சேர்க்க வேண்டும். ஒருவருக்கு மற்றவர் கை தெரியாது. பேச்சு ஒன்றே வழி.

நான் வெளியே; தம்பி உள்ளே. “கொஞ்சம் முன்னாடி சாய்ங்க அண்ணே.” “நில், இங்கே தட்டுது.” “இப்போ விடுங்க, நான் பிடிச்சிருக்கேன்.” ஏறக்குறைய நாற்பது நிமிடங்கள் இப்படியே. வருஷக்கணக்காய்த் தொலைபேசியில் ‘சுகமா, சாப்பிட்டாயா’ என்பதற்கு மேல் பேசாத இருவர், ஒரு கண்ணாடி உடையக் கூடாது என்பதற்காக ஒவ்வொரு அங்குலத்திற்கும் பேசிக்கொண்டோம்.

இன்னொரு நுட்பம் உண்டு. கண்ணாடி சேனலில் அமர்ந்தவுடனே திருகுகளை இறுக்கிவிடக் கூடாது. எல்லாத் திருகுகளையும் தளர்வாகவே வைத்து, கண்ணாடியை முழுவதுமாக மேலே ஏற்ற வேண்டும். மேற்சட்டத்தில் அது தானே தன் இடத்தைக் கண்டுகொண்டு நேராக அமரும். அதன் பின்பே ஒவ்வொரு திருகாக, சிறிது சிறிதாக இறுக்க வேண்டும். கீழேயே இறுக்கிவிட்டால், கோணலான நிலையிலே அதைக் கட்டாயப்படுத்துகிறவர்களாவோம்.

வேலை முடிந்து அம்மா கட்டன்சாயா கொண்டுவந்தபோது, தம்பி தானாகவே தோவாளை மனையின் பேச்சை எடுத்தான். அவன் மனதில் இருந்ததை அவன் சொன்னான். என் மனதில் இருந்ததை நான் சொன்னேன். இரண்டிலும் கசப்பு இருந்தது. ஆனாலும் யாரும் எழுந்து போகவில்லை. அம்மா இருக்கும்வரை அந்த இடம் அம்மாவின் பெயரிலேயே இருக்கட்டும் என்று அன்று முடிவாயிற்று. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. கதவருகே போய், கைப்பிடியைச் சுற்றிக் கண்ணாடியை ஒருமுறை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள்.

அதன்பின் பிளாஸ்டிக் தாள் ஒன்றை அளவாக வெட்டி ஒட்டினோம். அதன் கீழ் ஓரம் கதவின் உள்ளே தொங்க வேண்டும். வெளியே தொங்கினால் நீர் வண்டிக்குள் வரும். பேடை மாட்டுமுன் ஒரு வாளி தண்ணீரைக் கண்ணாடியின்மேல் மெதுவாக ஊற்றி, அடித்துவாரங்களின் வழியாக நீர் ஒழுகுகிறதா என்று பார்த்தோம். மூன்று துவாரங்களிலும் தெளிவாய் ஒழுகியது.

கறுப்புத் தாளைக் குறித்து

வெயிலுக்கு அஞ்சி, கண்ணாடியில் கறுப்பு ஃபிலிம் ஒட்டலாமா என்று தம்பி கேட்டான். வண்டி வைத்திருப்போர் இதை அறிந்திருப்பது நலம். மத்திய மோட்டார் வாகன விதிகளின் 100-ஆம் விதிப்படி, முன் பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதமும் பக்கக் கண்ணாடிகள் குறைந்தது 50 சதவீதமும் ஒளியை உள்ளே விட வேண்டும். 2012 ஏப்ரல் 27 அன்று உச்சநீதிமன்றம், கண்ணாடியின்மேல் ஃபிலிம் ஒட்டுவதையே தடைசெய்தது. பின்னர் அந்த விதி திருத்தப்பட்டு 2021 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அத்திருத்தத்தின்படி, தர அளவுக்கு உட்பட்ட பிளாஸ்டிக் ஃபிலிம், மேற்சொன்ன ஒளி அளவு குறையாதவரை அனுமதிக்கப்பட்டதே என்று 2024 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆயினும் எல்லை தாண்டி ஓடும் வண்டிக்கு ஒவ்வொரு சோதனையிலும் இதை விளக்கிக்கொண்டிருப்பது பிரயாசம். ஆகவே நாங்கள் தெளிந்த கண்ணாடியாகவே விட்டோம்.

எட்டு ஆண்டுகளைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். எங்கள் வண்டி அந்தச் சோதனையில் தேறியது. தம்பி இப்பொழுது காய்கறியும் பூவும் ஏற்றி அதே பாதையில் ஓடுகிறான்.

உங்களுக்கு ஒரு வார்த்தை

பிரியமானவர்களே, உங்கள் வீட்டில் பழைய வண்டி இருந்தால், இடவப்பாதி மழை தொடங்குமுன் ஒரு காரியம் செய்யுங்கள். கதவின் அடியில் குனிந்து துவாரங்களைத் தேடி, ஒரு கம்பியால் திறந்துவிடுங்கள். கண்ணாடி ஆடினால் ஆப்பு செருகாதிருங்கள்; சேனல் ரப்பரை மாற்றுங்கள். மாற்றுக் கண்ணாடி வாங்கினால் முத்திரையைப் பாருங்கள். இவற்றிற்கு ஆகும் செலவு சிறிது. தவறினால் ஆகும் செலவு ஒரு மனிதரின் கையாகவும் இருக்கலாம்.

குடும்பங்களுக்குள்ளும் மழை இறங்கத்தான் செய்கிறது. மனை, பணம், பழைய வார்த்தை, வராமல்போன ஒரு கலியாணம், கேட்காமல்விட்ட ஒரு சுகவிசாரிப்பு என்று ஏதோ ஒன்று உள்ளே வந்துவிடுகிறது. அது வராதபடி எந்தக் கதவாலும் காக்க முடியாது. வந்தது போவதற்கு வழி திறந்திருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். தூரத்தில் இருக்கும் உங்கள் அண்ணனையோ தம்பியையோ, அக்காளையோ தங்கையையோ, இந்த மாதம் ஒருநாள் வரச்சொல்லுங்கள். இருவர் சேர்ந்து பிடிக்க வேண்டிய ஏதாவது ஒரு வேலை எல்லா வீட்டிலும் இருக்கும்.